எக்ஸ்எம்எக்ஸை ஏற்றும் முன்: ஜாவா மெமரிக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

ஜாவா அப்ளிகேஷன் மெமரி போதாமல் விழுந்தால் பெரும்பாலான இடங்களில் நடப்பது ஒன்றுதான். யாராவது ஜாவாவுக்கு மெமரி வரம்பு வைக்கும் எக்ஸ்எம்எக்ஸ் எண்ணை இரட்டிப்பாக்கி ரீஸ்டார்ட் செய்வார்கள். சில சமயம் அது சரியான மருந்து. பல சமயம் கோளாறை நாலு நாள் தள்ளிப்போடும். இன்னும் சில சமயம், தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்ததை ஒரேயடியாகச் சாகடித்துவிடும்.

காரணம், அந்த எண் ஹீப்புக்கு, அதாவது அப்ளிகேஷனின் ஆப்ஜெக்டுகள் தங்கும் இடத்துக்கு, மட்டும்தான் வரம்பு. மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்கள் இருக்கும் இடம்), த்ரெட் ஸ்டாக், கோடு கேஷ், டைரக்ட் பஃபர், ஜிசி (தேவையற்ற ஆப்ஜெக்டுகளை அகற்றும் கார்பேஜ் கலெக்டர்) தன் கணக்குவழக்குக்கு வைத்துக்கொள்ளும் இடம் எல்லாம் ஹீப்புக்கு வெளியே. ஆகவே மெமரி போதவில்லை என்று சொல்வது யார் என்பது முதலில் தெரிய வேண்டும்: ஹீப்பா, வெளியே உள்ளவற்றில் ஒன்றா, ஆப்பரேட்டிங் சிஸ்டமா. உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிய சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## எதைத் தொடும் முன்னும் மூன்று எண்கள்

மொத்த மெமரி. இயந்திரத்தில் இருப்பது எவ்வளவு? டாக்கர் போன்ற கன்டெய்னரில் ஓடினால் ஹோஸ்ட்டில் எவ்வளவு இருக்கிறது என்பது பேச்சே இல்லை. கன்டெய்னருக்கு வைத்த வரம்புதான் கணக்கு.

புராசஸ் இப்போது பிடித்திருப்பது. 'டாப்' கட்டளையில் 'ரெஸ்' என்ற பத்தி. பக்கத்தில் 'விர்ட்' என்று பயமுறுத்தும் பெரிய எண் ஒன்று நிற்கும், அதை விட்டுவிடுங்கள். அது முகவரிகளை முன்பதிவு செய்து வைத்த அளவு, நிஜச் செலவு அல்ல.

ஜேவிஎம் (உங்கள் ஜாவா அப்ளிகேஷனை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின்) எடுத்துக்கொண்ட ஹீப் மேல்வரம்பு. கான்ஃபிக் ஃபைலில் நீங்கள் எழுதியது அல்ல, ஓடும் புராசஸிடமே கேட்டுப் பெறுவது. 'ஜேசிஎம்டி' கட்டளைக்குப் புராசஸ் எண்ணையும் 'விஎம் டாட் ஃபிளாக்ஸ்' என்பதையும் கொடுத்தால் 'மேக்ஸ்ஹீப்சைஸ்' பைட் கணக்கில் வரும்.

ஜேசிஎம்டி என்ற கட்டளையே இல்லை என்று வந்தால், அங்கே நிறுவியிருப்பது கருவிகளோடு வரும் முழு ஜேடிகே அல்ல. மெலிந்த கன்டெய்னர் இமேஜ்களில் இது சகஜம். கட்டளை இருந்தும் புராசஸோடு ஒட்ட மறுத்தால், வேறு யூசராக லாகின் செய்திருக்கிறீர்கள். அப்ளிகேஷன் எந்த யூசரில் ஓடுகிறதோ அதே யூசராகக் கேளுங்கள்.

எக்ஸ்எம்எக்ஸே கொடுக்காவிட்டால் ஜேவிஎம் தனக்குத் தெரியும் மெமரியில் நாலில் ஒரு பங்கை ஹீப்பின் மேல்வரம்பாக வைத்துக்கொள்ளும். 8 ஜிபி இயந்திரத்தில் 2 ஜிபி. "இவ்வளவு மெமரி சும்மா கிடக்கும்போது ஏன் விழுகிறது" என்ற கேள்விக்குப் பாதி நேரம் இதுதான் பதில்.

## அறிகுறி: அப்ளிகேஷன் எழும்பவே இல்லை

முதல் வரியிலேயே ஜேவிஎம் காரணத்தைச் சொல்லிவிடும். படிக்காமல் விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான்.

### "மேக்சிமம் ஹீப் மிகச் சிறியது" என்கிறது

எண்ணுக்குப் பின்னால் எம் அல்லது ஜி எழுத்து விடுபட்டிருக்கிறது. வெறும் 4096 என்றால் 4096 பைட் என்றுதான் ஜேவிஎம் எடுத்துக்கொள்ளும்.

### "இனிஷியல் ஹீப் மேக்சிமத்தைவிடப் பெரிது" என்கிறது

தொடக்க ஹீப் அளவான எக்ஸ்எம்எஸ் பெரிதாகவும் எக்ஸ்எம்எக்ஸ் சிறிதாகவும் இருக்கிறது. ஒன்றைக் குறைத்தபோது மற்றதை மறந்திருப்பார்கள்.

### "ஆப்ஜெக்ட் ஹீப்புக்கு இடம் ஒதுக்க முடியவில்லை" என்கிறது

முதலில் 32 பிட் ஜாவாவா என்று பாருங்கள். 'ஜாவா மைனஸ் வெர்ஷன்' கொடுத்தால் வரும் கடைசி வரியில் 64 பிட் என்று இருக்க வேண்டும். 32 பிட்டில் 4 ஜிபி ஹீப்புக்கு வழியே இல்லை; விண்டோஸில் ஒன்றரை ஜிபியைத் தாண்டுவதற்கே திணறும். 64 பிட் என்றால் இயந்திரத்தில் அவ்வளவு இடம் நிஜமாகவே இல்லை, அல்லது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் 'யூலிமிட்' வழியாக யாரோ வரம்பு வைத்திருக்கிறார்கள்.

### "இந்த விஎம் ஆப்ஷன் தெரியாது" என்கிறது

ஜாவா பதிப்பை உயர்த்திய மறுநாள் வருவது இது. பழைய ஸ்டார்ட் ஸ்கிரிப்டில் மேக்ஸ்பெர்ம்சைஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். அது வரம்பு வைத்த பெர்ம்ஜென் (மெட்டாஸ்பேஸுக்கு முன்பிருந்த பகுதி) 2014இல் ஜாவா 8 வந்தபோதே போய்விட்டது. ஜாவா 8 ஒரு எச்சரிக்கையோடு அந்த ஆப்ஷனைப் புறக்கணித்தது. ஜாவா 17 எழும்பவே மறுக்கும். ஜாவா 14இல் நீக்கப்பட்ட சிஎம்எஸ் என்ற பழைய ஜிசிக்கான ஆப்ஷன்களுக்கும் இதே கதி. அந்த வரிகளை அழித்துவிடுங்கள், மாற்று எதுவும் போட வேண்டாம். பத்து வருடத்துக்கு முன் யாரோ வேறு இயந்திரத்துக்காக எழுதிய ஆப்ஷன்களைப் புதிய பதிப்புக்குத் தூக்கிக்கொண்டு வருவதால் எந்தப் பலனும் இல்லை.

## அறிகுறி: எண்ணை மாற்றினேன், எதுவும் மாறவில்லை

மேலே சொன்ன மூன்றாவது எண்ணைப் பாருங்கள். நீங்கள் எழுதியதும் ஜேவிஎம் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால், நடந்திருக்கக்கூடியவை இவை, அடிக்கடி நடக்கும் வரிசையில்.

ஆப்ஷன் தப்பான இடத்தில் இருக்கிறது. 'ஜார்' என்ற ஆப்ஷனுக்கும் ஃபைல் பெயருக்கும் பிறகு எழுதியது எல்லாம் உங்கள் அப்ளிகேஷனுக்குப் போகும், ஜேவிஎம்முக்கு அல்ல. எந்தப் பிழைச் செய்தியும் வராது. எக்ஸ்எம்எக்ஸ் எப்போதும் அதற்கு முன்னால் வர வேண்டும்.

இரண்டு எக்ஸ்எம்எக்ஸ் இருக்கிறது. ஒன்று ஸ்கிரிப்டில், ஒன்று என்விரான்மென்ட் வேரியபிளில். ஒரே கட்டளை வரியில் இரண்டு இருந்தால் கடைசியில் வருவதே நிற்கும். 'ஜேசிஎம்டி'யில் 'விஎம் டாட் கமாண்ட்லைன்' கேட்டால் இரண்டும் அருகருகே தெரியும்.

வேறொரு புராசஸைத் திருத்தியிருக்கிறீர்கள். கிரேடில் என்ற பில்டு கருவியில் இது தினசரிக் கூத்து. பின்னணியில் ஓடும் கிரேடில் டீமனின் மெமரி 'கிரேடில் டாட் ப்ராப்பர்ட்டீஸ்' ஃபைலில் இருக்கும். ஆனால் டெஸ்டுகள் தனி புராசஸில் ஓடுகின்றன, அதற்கு 'மேக்ஸ்ஹீப்சைஸ்' தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 512 எம்பிதான். டீமனுக்கு 8 ஜிபி கொடுத்தாலும் டெஸ்ட் விழுந்துகொண்டே இருக்கும். மேவன் என்ற இன்னொரு பில்டு கருவியிலும் 'மேவன் ஆப்ட்ஸ்' மேவனுக்கு மட்டும். டெஸ்டை ஓட்டும் ஷ்யூர்ஃபயருக்கு வேறு இடம்.

சர்வீஸாக ஓடுகிறது. நீங்கள் உங்கள் ஷெல்லில் எக்ஸ்போர்ட் செய்த வேரியபிள், லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் சர்வீஸுக்குத் தெரியாது. யூனிட் ஃபைலிலேயே என்விரான்மென்ட் வரியைச் சேர்த்து, டீமன் ரீலோடு செய்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். டாம்கேட் வெப் சர்வர் என்றால் 'பின்' என்ற ஃபோல்டரில் 'செட்என்வ்' ஃபைலை உருவாக்கி அதில் எழுதுங்கள். அங்கேயும் 'ஜாவா ஆப்ட்ஸ்' வேண்டாம், 'காடலினா ஆப்ட்ஸ்' போடுங்கள். முன்னது டாம்கேட்டை நிறுத்தும் கட்டளைக்கும் சேர்ந்து பொருந்தும். மெமரி நெருக்கடியில் இருக்கும் இயந்திரத்தில், நிறுத்துவதற்காக எழும்பும் அந்தக் குட்டி புராசஸும் 6 ஜிபி ஹீப் கேட்டு நிற்கும். நிறுத்தவும் முடியாது.

சதவீதமும் எண்ணும் சேர்ந்திருக்கிறது. எக்ஸ்எம்எக்ஸ் இருந்தால், ஹீப்பை மெமரியின் சதவீதமாகச் சொல்லும் 'மேக்ஸ்ராம்பர்சென்டேஜ்' செல்லாது. ஒன்றை மட்டும் வையுங்கள்.

## அறிகுறி: லாகில் "ஜாவா ஹீப் ஸ்பேஸ்"

குறைப்படுவது ஹீப்தான் என்று உறுதியாகச் சொல்லும் செய்தி இது. ஆனாலும் ஏற்றுவதற்கு முன் அது எப்போது வருகிறது என்று பாருங்கள், வழி அங்கேதான் பிரிகிறது. கூடவே, ஸ்டாக் ட்ரேஸில் காட்டும் இடத்தை உடனே குற்றவாளி ஆக்காதீர்கள். அந்த வரி கடைசியாக இடம் கேட்டது, அவ்வளவுதான். நிரப்பியவர் வேறொருவராக இருப்பார்.

### ஒரு குறிப்பிட்ட வேலை செய்யும்போது மட்டும் வருகிறது

மாதாந்திர ரிப்போர்ட், பெரிய எக்ஸெல் ஏற்றுமதி, வடிகட்டாத ஒரு தேடல். யாரோ லட்சக்கணக்கான வரிசைகளை ஒரே லிஸ்டில் ஏற்றுகிறார்கள். ஹீப்பை ஏற்றினால் இந்த மாதம் தப்பிக்கும். டேட்டா வளர்ந்ததும் மறுபடி வரும். அந்த புரோகிராம் கோடு டேட்டாவைப் பக்கம் பக்கமாகப் படிக்கும்படி மாற வேண்டும். டேட்டாபேஸ் டிரைவரின் ஃபெட்ச் சைஸையும் (ஒரு தடவைக்கு எத்தனை வரிசை என்பதை) பாருங்கள். சில டிரைவர்கள் சொல்லாவிட்டால் முழு ரிசல்ட்டையும் மெமரிக்குள் இழுத்துவிடும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டுமே இந்த ரகம்.

### கூட்டம் அதிகமானால் வருகிறது, குறைந்தால் சரியாகிவிடுகிறது

இது நியாயமான பசி. எக்ஸ்எம்எக்ஸை ஏற்றலாம். அதற்கு முன் த்ரெட் பூலின் அளவையும் பாருங்கள். ஒரு ரிக்வெஸ்டுக்கு 20 எம்பி தேவைப்படும் அப்ளிகேஷனில் ஒரே நேரத்தில் 200 த்ரெட் ஓடவிட்டால் 4 ஜிபி அதற்கே போய்விடும். 200ஐ 80 ஆக்கினால் மெமரி வாங்காமலே பிரச்சினை தீரும் இடங்கள் நிறைய.

### மெல்ல மெல்ல ஏறி, சில நாளுக்கு ஒருமுறை விழுகிறது

இதுதான் கசிவு: வேலை முடிந்த ஆப்ஜெக்டுகளை யாரோ விடாமல் பிடித்துவைத்திருக்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்.

ஜிசி லாகைத் திறந்துவையுங்கள். ஜாவா 9 முதல் 'எக்ஸ்லாக்' ஆப்ஷனில் ஜிசி என்று கொடுத்தால் போதும், வேகத்தில் பெரிய பாதிப்பு இருக்காது. புரொடக்‌ஷனில் எப்போதுமே இது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதில் ஒவ்வொரு ஜிசிக்கும் இப்படி ஒரு துண்டு வரும்:

1843எம்->612எம்(2048எம்)

முதல் எண் ஜிசிக்கு முன் நிரம்பியிருந்தது. நடு எண் ஜிசி முடிந்த பின் மிஞ்சியது. அடைப்புக்குள் இருப்பது அப்போதைய ஹீப்பின் மொத்த அளவு. முதல் எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்கள்தான் அதிகம். அது நிரம்பத்தான் செய்யும், நிரம்பினால்தான் ஜிசியே ஓடும். நடு எண்ணை மட்டும் பாருங்கள். அதிலும் ஒரே மாதிரி நேரங்களை ஒப்பிடுங்கள்: திங்கள் காலை 10 மணி, செவ்வாய் காலை 10 மணி என்று. 612, 598, 620 என்று சுற்றிச் சுற்றி வந்தால் கசிவு இல்லை. 612, 790, 985 என்று தரைமட்டமே ஏறிக்கொண்டு போனால் கசிகிறது. எக்ஸ்எம்எக்ஸை ஏற்றுவதால் இங்கே கிடைப்பது நாட்கள் மட்டும். ஃபுல் ஜிசி (முழு ஹீப்பையும் சுத்தம் செய்வது) வரிகள் லாகில் இருந்தால் அவற்றின் நடு எண்ணே மிக நம்பகமானது.

யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்பதற்கு முதலில் 'ஜேசிஎம்டி'யில் 'ஜிசி டாட் கிளாஸ் ஹிஸ்டோகிராம்' எடுங்கள். அதற்காக ஒரு ஃபுல் ஜிசி ஓடும், ஒரு நொடியோ சில நொடியோ அப்ளிகேஷன் நிற்கும். நெரிசல் இல்லாத நேரமாகப் பாருங்கள். பட்டியலின் உச்சியில் பைட் அர்ரே, ஸ்ட்ரிங், ஹேஷ்மேப் நோட் என்றுதான் எப்போதும் இருக்கும். அவற்றைத் தாண்டிக் கீழே வந்து, உங்கள் பேக்கேஜ் பெயரில் தொடங்கும் முதல் சில வரிகளைப் பாருங்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். செஷன் ஆப்ஜெக்ட் 4,000இலிருந்து 61,000 ஆகியிருந்தால் இதற்கு மேல் துப்பறிய வேண்டியதில்லை.

அதில் பிடிபடாவிட்டால் ஹீப் டம்ப், அதாவது ஹீப்பின் நகலை ஃபைலாக எடுப்பது. 'ஹீப்டம்ப்ஆன்அவுட்ஆஃப்மெமரிஎரர்' ஆப்ஷனை முன்கூட்டியே போட்டு, டம்ப் விழும் பாதையையும் சொல்லிவிடுங்கள். டம்ப் கிட்டத்தட்ட நிரம்பிய ஹீப்பின் அளவுக்கு இருக்கும், டிஸ்கில் அவ்வளவு இடம் வேண்டும். கன்டெய்னர் என்றால் அந்தப் பாதை வெளியே மவுன்ட் செய்த வால்யூமில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ரீஸ்டார்ட்டோடு டம்பும் போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. டம்ப் எழுதும் நேரம் முழுக்க அப்ளிகேஷன் பதில் சொல்லாது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸின் லைவ்னஸ் சோதனை அதைப் பார்த்து, செத்துவிட்டது என்று நினைத்துப் பாதி டம்பிலேயே கொன்றுவிடும். டம்ப் ஃபைல் திறக்க மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

கிடைத்த டம்பை எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் திறந்து 'டாமினேட்டர் ட்ரீ' பாருங்கள். எந்த ஒரு ஆப்ஜெக்ட் ஹீப்பில் பாதியைப் பிடித்திருக்கிறது என்று மேலேயே வரும். பெரும்பாலும் காலாவதியே இல்லாத கேஷ், ஸ்டாட்டிக் மேப், நீக்கப்படாத லிசனர், சுத்தம் செய்யாத த்ரெட்லோக்கல் இவற்றில் ஒன்று.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: பிடித்திருப்பது உங்கள் கோடு அல்ல, ஒரு லைப்ரரியின் அல்லது விலைக்கு வாங்கிய மென்பொருளின் உள்கிளாஸ் என்று தெரிந்தால். அங்கே நீங்கள் மாற்ற எதுவும் இல்லை.

இடைக்கால நிவாரணமாக 'எக்ஸிட்ஆன்அவுட்ஆஃப்மெமரிஎரர்' போட்டுவைப்பது நல்லது. மெமரி எரர் வந்த பிறகு ஜேவிஎம் சாகாமல், ஏதோ ஒரு பின்னணி த்ரெட் மட்டும் செத்துப்போய், வெளியே நன்றாக இருப்பதுபோல் ஓடுவது மிக மோசமான நிலை. விழுந்து எழுவது அதைவிட மேல்.

## அறிகுறி: விழவில்லை, ஆனால் சிபியு 100, எல்லாம் ஊர்கிறது

சில ஜிசிக்களில் "ஜிசி ஓவர்ஹெட் லிமிட் எக்ஸீடட்" என்று செய்தி வரும். நேரத்தில் 98 சதவீதத்துக்கு மேல் ஜிசிக்கே போய், மீட்டது ஹீப்பில் 2 சதவீதம்கூட இல்லை என்றால் ஜேவிஎம் கைவிரித்துவிடுகிறது என்று பொருள். அதை அணைக்க ஓர் ஆப்ஷன் இருக்கிறது. அணைக்காதீர்கள். செய்தி வருவது நிற்கும், ஊர்வது நிற்காது.

செய்தி இல்லாவிட்டால் 'ஜேஸ்டாட்' கட்டளையில் 'ஜிசியுடில்' கொடுத்து நொடிக்கு ஒருமுறை ஓடவிடுங்கள். 'எஃப்ஜிசி' (ஃபுல் ஜிசி எண்ணிக்கை) பத்தி கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தால் ஹீப் விளிம்பில் நிற்கிறது. முந்தைய பகுதிக்குப் போய் கசிவா, நியாயமான பசியா என்று பிரியுங்கள். அது அசையாமல் நின்றால் சிபியுவைத் தின்பது ஜிசி அல்ல, மெமரியை விட்டுவிட்டு த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் என்ன செய்கிறது என்ற பட்டியல்) எடுங்கள்.

கன்டெய்னரில் மட்டும் ஊர்கிறதா? ஜிசி லாகின் முதல் வரியைப் பாருங்கள். 'யூசிங் சீரியல்' என்று இருந்தால், ஜேவிஎம் தன்னை ஒரு சிறிய இயந்திரம் என்று நினைத்திருக்கிறது. ஜாவா 21 வரையிலான பதிப்புகளில் இரண்டு சிபியுவுக்குக் குறைவாகவோ 1792 எம்பிக்குக் குறைவாகவோ கண்டால் அது ஒற்றை த்ரெட் ஜிசியைத்தான் தேர்ந்தெடுக்கும். சிபியு வரம்பை 2 ஆக்குங்கள்.

## அறிகுறி: லாகில் ஒன்றுமில்லை, புராசஸ் காணாமல் போகிறது

ஜாவா எதையும் சொல்லாமல் செத்தால், கொன்றது பெரும்பாலும் வெளியே இருந்து. ஹீப்பைக் குறைக்க வேண்டிய இடத்தில் ஏற்றுவது அதிகமாக நடப்பது இந்த அறிகுறிக்குத்தான்.

### முதலில்: யார் கொன்றார்கள்

எக்ஸிட் கோடு 137 என்றால் 128 உடன் 9, அதாவது புராசஸைக் கட்டாயமாகக் கொல்லும் 'சிக்கில்' சிக்னல். கர்னல் லாகில் 'அவுட் ஆஃப் மெமரி', 'கில்டு புராசஸ்' என்று தேடுங்கள். குபெர்னெட்டிஸில் அந்தக் கன்டெய்னர் ஓடும் 'பாட்' எதுவோ அதை டிஸ்கிரைப் செய்தால் 'ஓஓஎம்கில்டு' என்று இருக்கும்.

ஆனால் 137 என்றாலே மெமரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டாக்கர் நிறுத்தச் சொல்லி 10 நொடிக்குள் அப்ளிகேஷன் அடங்காவிட்டாலும் இதே எண்தான் வரும். குபெர்னெட்டிஸில் அந்தக் கெடு 30 நொடி. கர்னல் லாகில் எதுவும் இல்லை என்றால் மெமரியைக் குறை சொல்லாமல், ஏன் மெதுவாக நிற்கிறது என்று பாருங்கள்.

### கொன்றது மெமரிக்காகத்தான், ஹீப் வரம்பும் கன்டெய்னர் வரம்பும் ஒன்று

2 ஜிபி கன்டெய்னரில் எக்ஸ்எம்எக்ஸும் 2 ஜிபி. ஹீப்புக்கு வெளியே உள்ள எதற்கும் இடமே வைக்கவில்லை. ஹீப்பை 1200 அல்லது 1400 எம்பிக்கு இறக்குங்கள், அல்லது கன்டெய்னரை 3 ஜிபி ஆக்குங்கள். ஹீப்புக்கு என்று வழக்கமாகச் சொல்லும் 75 சதவீதம் பெரிய கன்டெய்னருக்குப் பொருந்தும். 512 எம்பி கன்டெய்னரில் 75 வைத்தால் மிச்சம் 128 எம்பி. ஒரு நடுத்தர ஸ்பிரிங் அப்ளிகேஷனின் மெட்டாஸ்பேஸ் மட்டுமே அதை விழுங்கிவிடும். கன்டெய்னர் சிறிதாகச் சிறிதாக ஹீப்பின் பங்கும் குறைய வேண்டும்.

### ஹீப் வரம்பு நியாயமாகத்தான் தெரிகிறது, ஆனால் ஜாவா பழையது

கன்டெய்னர் வரம்பைப் பார்க்கத் தெரியாத ஜாவா ஹோஸ்ட்டின் 64 ஜிபியைப் பார்த்து 16 ஜிபி ஹீப் தனக்கு உரிமை என்று நினைத்துக்கொள்ளும். கன்டெய்னர் வரம்பு ஜாவா 10இலும், 8இன் 191ஆம் அப்டேட்டிலும் புரியத் தொடங்கியது. இப்போதைய லினக்ஸ்கள் கன்டெய்னர் வரம்பு வைக்கப் பயன்படுத்தும் சிகுரூப் இரண்டாம் பதிப்புக்கு அதுவும் போதாது. அதற்கு ஜாவா 15, அல்லது 11.0.16, அல்லது 8இன் 372ஆம் அப்டேட் வேண்டும். ஹோஸ்ட்டை மட்டும் மேம்படுத்திவிட்டு, "நாங்கள் அப்ளிகேஷனைத் தொடவே இல்லையே" என்று சொல்லும் இடங்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஜாவாவைப் புதுப்பியுங்கள். முடியாதென்றால் எக்ஸ்எம்எக்ஸை வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

### எல்லாம் சரி, ஆனாலும் ரெஸ் ஏறிக்கொண்டே போகிறது

ஜேவிஎம் ஹீப்புக்கு வெளியே பிடிப்பதையும் கணக்கெடுக்கும் நேட்டிவ் மெமரி டிராக்கிங்கை 'சம்மரி' அளவில் திறந்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். 5 முதல் 10 சதவீதம் வேகம் குறையலாம், நிரந்தரமாக விடாதீர்கள். பிறகு 'ஜேசிஎம்டி'யில் 'விஎம் டாட் நேட்டிவ் மெமரி' கேட்டால் கிளாஸ், த்ரெட், கோடு, ஜிசி என்று பிரித்துக் காட்டும். அதில் 'கமிட்டட்' மட்டும் பாருங்கள், 'ரிசர்வ்டு' வேண்டாம்.

அந்த மொத்தமும் ரெஸ் எண்ணும் ஏறத்தாழ ஒத்துப்போனால், ஏறுவது எந்தப் பிரிவு என்று கண்ணுக்குத் தெரியும். ரெஸ் பல நூறு எம்பி அதிகமாக இருந்தால் கசிவு ஜேவிஎம்முக்குத் தெரியாத இடத்தில். முதல் சந்தேகம் லினக்ஸில் மெமரி ஒதுக்கித் தரும் மாலாக். 64 பிட்டில் ஒரு சிபியு கோருக்கு 8 அரீனா (தனித்தனி மெமரித் தொகுப்பு) வரை உருவாக்கிக்கொண்டு, விடுவித்ததைத் திருப்பித் தராமல் வைத்திருக்கும். 'மாலாக் அரீனா மேக்ஸ்' என்விரான்மென்ட் வேரியபிளை 2 என்று வைத்து ஓடவிட்டுப் பாருங்கள், செலவில்லாத சோதனை. இரண்டாவது சந்தேகம், மூடாமல் விட்ட ஜிஜிப் ஸ்ட்ரீம்கள். அதுவும் இல்லையென்றால் சி மொழியில் எழுதிய ஏதோ ஒரு லைப்ரரி கசிகிறது. இங்கே ஆளைக் கூப்பிடுங்கள். நேட்டிவ் கசிவைப் பிடிக்கும் கருவிகள் வேறு, பழக்கமும் வேறு.

## அறிகுறி: அவுட் ஆஃப் மெமரிதான், ஆனால் ஹீப் என்று சொல்லவில்லை

"மெட்டாஸ்பேஸ்". வரம்பு வைக்காவிட்டால் இதற்கு மேல்வரம்பே கிடையாது. ஆகவே செய்தி வந்தால் யாரோ சிறிய எண் வைத்திருக்கிறார்கள். 128 எம்பி என்று பழைய பெர்ம்ஜென் காலத்து எண் அப்படியே வந்திருக்கும். ஏற்றிப் பாருங்கள். ஏற்றியும் ஒவ்வொரு ரீடிப்ளாய்க்குப் பின் வந்தால், முந்தைய கிளாஸ்களை ஏற்றிய பழைய கிளாஸ்லோடர் சாகாமல் நிற்கிறது. சர்வரை நிறுத்தாமல் வார் ஃபைலை மாற்றும் பழக்கத்தை விட்டு, முழுதாக ரீஸ்டார்ட் செய்தால் பிரச்சினை மறையும்.

"டைரக்ட் பஃபர் மெமரி". இதன் வரம்பு சொல்லாவிட்டால் ஏறத்தாழ எக்ஸ்எம்எக்ஸ் அளவுதான். நெட்டி என்ற நெட்வொர்க் லைப்ரரி சார்ந்த அப்ளிகேஷன்களில் அடிக்கடி வரும். 'மேக்ஸ்டைரக்ட்மெமரிசைஸ்' தனியாகக் கொடுங்கள், கன்டெய்னர் கணக்கில் அதையும் கூட்டுங்கள்.

"நேட்டிவ் த்ரெட் உருவாக்க முடியவில்லை". பெயரில் மெமரி இருக்கிறது, விஷயத்தில் இல்லை. பெரும்பாலும் எண்ணிக்கை வரம்பு: யூலிமிட்டின் யூசர் புராசஸ் வரம்பு, சிஸ்டம்டியின் டாஸ்க்ஸ்மேக்ஸ், கன்டெய்னரின் பிட்ஸ் வரம்பு. மூன்றையும் பார்ப்பதற்கு முன், ஏன் இவ்வளவு த்ரெட் என்று கேளுங்கள். புராசஸுக்கு 'கில் மைனஸ் 3' அனுப்பினால் த்ரெட் டம்ப் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் விழும், ஜேடிகே தேவையில்லை, புராசஸும் சாகாது. அதில் பெயர்களைப் படியுங்கள். பூல்-1-த்ரெட்-1, பூல்-2-த்ரெட்-1 என்று போய் பூல்-1873-த்ரெட்-1 வரை வந்தால், யாரோ ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புது எக்ஸிக்யூட்டர் உருவாக்கி மூடாமல் போகிறார்கள். வரம்பை ஏற்றி அதை மறைக்காதீர்கள்.

## அறிகுறி: அவ்வப்போது சில நொடி உறைந்து மீள்கிறது

ஜிசி லாகில் ('எக்ஸ்லாக்'கில் ஜிசி என்பதோடு நட்சத்திரக் குறியும் சேர்த்தால்) அந்த உறைவின் யூசர், சிஸ் (இரண்டும் சிபியு நேரம்), ரியல் (கடிகார நேரம்) எண்களைப் பாருங்கள். யூசர் 0.4 நொடி, ரியல் 9 நொடி என்றால் ஜிசி வேலை செய்யவில்லை, காத்திருந்தது. 'விஎம்ஸ்டாட்'டில் எஸ்ஐ, எஸ்ஓ பத்திகளில் பூஜ்யம் தவிர வேறு எண் ஓடினால் ஹீப்பின் ஒரு பகுதி டிஸ்கில் உள்ள ஸ்வாப்புக்குப் போயிருக்கிறது. ஜிசி பழைய பக்கங்களையும் தொட்டாக வேண்டும் என்பதால் கொஞ்சம் ஸ்வாப் போனாலும் பலமாக அடிக்கும். ஹீப்பைக் குறையுங்கள், அல்லது பக்கத்தில் ஓடும் வேறொன்றை இடம் மாற்றுங்கள்.

யூசரும் ரியலும் சேர்ந்தே பெரிதாக இருந்தால் ஜிசிக்கு நிஜமாகவே வேலை அதிகம். லாகில் 'ஹியூமங்கஸ்' என்று அடிக்கடி வருகிறதா? ஜி1 என்ற ஜிசி ஹீப்பைத் துண்டுகளாகப் பிரித்து வைக்கிறது. ஒரு ஆப்ஜெக்ட் துண்டில் பாதியைத் தொட்டாலே அதைத் தனி ரகமாக நடத்தும். துண்டின் அளவை 8 அல்லது 16 எம்பிக்கு ஏற்றிப் பாருங்கள், உச்சம் ஜாவா 17 வரை 32, ஜாவா 18 முதல் 512.

ஹீப்பை 32 ஜிபிக்கு மேல் கொண்டுபோகும் யோசனை இருந்தால் ஒரு நிமிடம். 32 ஜிபிக்குக் கீழே வரை ஜேவிஎம் ஆப்ஜெக்ட் முகவரிகளை 4 பைட்டில் சுருக்கி வைக்கிறது. தாண்டினால் ஒவ்வொன்றும் 8 பைட். 31இலிருந்து 34க்குப் போனால் உள்ளே கொள்ளுவது குறைந்துகூடப் போகும். 31இல் நிற்க முடியாவிட்டால் பிரித்து இரண்டு புராசஸ் ஆக்குங்கள், அல்லது 48ஐத் தாண்டுங்கள். நடுவில் நிற்பதில் லாபமில்லை.

## அறிகுறி: வேலை முடிந்தும் மெமரி இறங்கவில்லை

கோளாறே இல்லை. ஹீப்புக்கு வாங்கியதை ஜேவிஎம் அவசரப்பட்டுத் திருப்பித் தராது. ஜிசி லாகின் நடு எண் சீராக இருக்கிறதென்றால் விட்டுவிடுங்கள். ஒரே இயந்திரத்தில் பல அப்ளிகேஷன்கள் பங்கு போட்டுக்கொள்வதால் இறங்கியே ஆக வேண்டுமென்றால், ஜாவா 12 முதல் ஜி1இல், குறிப்பிட்ட இடைவெளியில் ஜிசி ஓட்டி மெமரியைத் திருப்பித் தரும் 'பீரியாடிக் ஜிசி இன்டர்வல்' இருக்கிறது. தனி சர்வர் என்றால் நேர்மாறாக எக்ஸ்எம்எஸ், எக்ஸ்எம்எக்ஸ் இரண்டையும் ஒரே எண்ணாக வையுங்கள். மெமரி போதாதென்றால் நள்ளிரவில் அல்லாமல் நீங்கள் ஸ்டார்ட் செய்யும்போதே அநேகமாகத் தெரிந்துவிடும், கூடவே முழு ஹீப்பையும் தொடக்கத்திலேயே நிஜமாக எடுத்துக்கொள்ளும் 'ஆல்வேஸ்ப்ரீடச்' போட்டால் நிச்சயமாக.

## ஆளைக் கூப்பிடும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை

ஜாவாவின் முழுப் பதிப்பு எண், மேலே சொன்ன மூன்று எண்கள், 'விஎம் டாட் கமாண்ட்லைன்' தந்தது, விழுந்த நேரத்துக்கு முன்னும் பின்னுமான ஜிசி லாக், கர்னல் லாகின் அந்தப் பகுதி. ஜேவிஎம்மே நொறுங்கியிருந்தால் 'எச்எஸ் எர்ர்' என்று தொடங்கும் ஃபைல் ஒன்று வேலை செய்யும் ஃபோல்டரில் கிடக்கும், அதையும் சேருங்கள். ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் இவற்றை நகல் எடுத்துவிடுங்கள். பல அமைப்புகளில் ரீஸ்டார்ட் பழைய ஜிசி லாகின் மேலேயே எழுதிவிடும்.

ஹீப் டம்பை மட்டும் மெயிலில் அனுப்பிவிடாதீர்கள். அந்த நொடியில் மெமரியில் இருந்த பாஸ்வேர்டு, டோக்கன், வாடிக்கையாளர் விவரம் அனைத்தும் அதில் அப்படியே படிக்கும்படி இருக்கும். டாமினேட்டர் ட்ரீயின் ஸ்க்ரீன்ஷாட் பெரும்பாலும் போதும். முழு டம்ப் கேட்டால், உங்கள் இயந்திரத்திலேயே அவர் முன்னால் திறந்து காட்டுங்கள்.